வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா கோர்ஸ் (பாண்டி) - கட்டின காசுக்கு தேறுச்சா?

பாண்டில ஒரு பிரைவேட் காலேஜ் நடத்துற ஒரு வருஷ லீகல் ஆபீஸ் அசிஸ்டன்ட் சர்டிபிகேட் கோர்ஸோட ரிவ்யூ இது. சனி ஞாயிறு கிளாஸ், ஃபீஸ் 28,000 ரூபா, ரெண்டு தவணை. காலேஜ் பேர் போடல, கீழ கொஞ்சம் திட்டப் போறேன், அதுவுமில்லாம இந்த மாதிரி கோர்ஸ் எல்லாம் யார் பாடம் எடுக்குறாங்கங்கறத பொறுத்துதான், அடுத்த பேட்ச்ல வாத்தியார் மாறிட்டா நான் எழுதுறது அப்படியே தலைகீழாயிடும். அதனால காலேஜ விட்டுட்டு உள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க, நீங்க வேற எங்க சேந்தாலும் அதே கேள்வியக் கேக்கலாம்.

மார்க் மொதல்லயே சொல்லிடறேன், அஞ்சுக்கு மூணு. அதுல ரெண்டரை ஒரே ஒரு ஆளுக்கு, கோர்ட்ல சிரஸ்தாரா (கோர்ட் ஆபீஸோட தலைமை அலுவலர்) இருந்து ரிட்டயர் ஆன ஒரு சார். மிச்ச அரை கேன்டீன் சாம்பார் சாதத்துக்குன்னு வெச்சுக்கோங்க.

நான் பி.காம் முடிச்சுட்டு கடலூர்ல சும்மா இருந்தப்ப சேந்தது. இப்ப மஞ்சக்குப்பத்துல ஒரு சிவில் வக்கீல்கிட்ட வேலை பாக்குறேன், கோர்ட்டுக்கு நடந்தே போயிடலாம். எங்க வீட்ல யாரும் கோர்ட் வாசல் மிதிச்சதில்ல, வக்கீல் தெரியாது, குமாஸ்தா தெரியாது, அந்த மாதிரி ஆளுக்குத்தான் இந்த கோர்ஸ். அப்பாவோ மாமாவோ ஏற்கனவே குமாஸ்தாவா இருக்காருன்னா தயவுசெஞ்சு காசு கட்டாதீங்க, அவர் பின்னாடியே மூணு மாசம் கேஸ் கட்டு தூக்கினு அலைஞ்சா இதவிட நல்லா வந்துடும்.

நோட்டீஸ்ல 'நீதிமன்ற வேலைவாய்ப்பு'ன்னு பெருசா போட்டிருக்காங்க, அது சுத்த உடான்ஸ். கோர்ட் ஸ்டாஃப் ஆகணும்னா அதுக்கு தனி பரீட்சை இருக்கு, இந்த சர்டிபிகேட் அங்க செல்லாது. ஹைகோர்ட் சுப்ரீம் கோர்ட்ல ஜட்ஜுங்ககிட்ட லா கிளார்க்னு எடுக்குறாங்களே அது சட்டம் படிச்சு டிகிரி வாங்கினவங்களுக்கு. நம்ம கோர்ஸ் பிரைவேட்டா ஒரு வக்கீல் ஆபீஸ்ல குமாஸ்தாவா உக்காரதுக்கு மட்டும்தான். அதுக்கும் சர்டிபிகேட் கட்டாயம் கிடையாது, வக்கீல் கையெழுத்து போட்டு இவர் என் குமாஸ்தான்னு பதிவு பண்ணாதான் கோர்ட்ல நம்மள ஆளா மதிப்பாங்க. எங்க பேட்ச்ல ரெண்டு பசங்க இது தெரியாமலே சேந்துட்டு பாதில நின்னுட்டாங்க, பாவம் மொத தவணை போனது போனதுதான்.

சரி, அந்த சிரஸ்தார் சார் கதைக்கு வரேன். அவர் கிளாஸ்ல புக்கே கிடையாது. மொத நாள் ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ் குடுத்தாரு, ஒரு பிராது (வாதி கேஸ் போடற மனு), புரோநோட்டு (கடனுக்கு எழுதிக் குடுக்கற நோட்டு) கேஸ், அஞ்சு லட்சம் கடன். பேரெல்லாம் மாத்தி அவரே தயார் பண்ணினது. "இத கவுன்டர்ல குடுத்தா நான் ரிட்டர்ன் போட்டிருப்பேன், ஏன்னு சொல்லுங்க"ன்னுட்டு ஃபேன் கீழ சேர இழுத்து போட்டு உக்காந்துட்டாரு. நாங்க என்னென்னமோ சட்டம் பேசறோம், செக்ஷன் தப்பா சார், கடன் வாங்கினதுக்கு சாட்சி இல்லையா சார்னு. அவர் தலையாட்டிகிட்டே இருந்தாரு. கடைசில ஒண்ணொண்ணா எண்ணி சொன்னாரு, பிரதிவாதியோட அப்பா பேர் போடல, வெரிஃபிகேஷன்ல, அதாவது இதெல்லாம் உண்மைன்னு சொல்ற எடத்துல, வாதி கையெழுத்து இல்ல, டாக்குமென்ட் லிஸ்ட்ல புரோநோட்டு தேதி ஒண்ணு பிராதுக்குள்ள தேதி வேற ஒண்ணு, வியாஜ்ய மூலம், அதாவது கேஸ் போட காரணம் எங்க எப்ப வந்துச்சுங்கற பாராவுல இந்த கோர்ட் எல்லைக்குள்ள எப்படி வருதுன்னு எழுதல, பிரதிவாதிக்கு காபி வெக்கல, சம்மன் அனுப்பற பேட்டா கட்டல, கோர்ட் ஃபீ குறையுது. "உங்க வக்கீல் எவ்ளோ பெரிய சட்ட மேதையா இருந்தாலும் இதுல ஒண்ணு விட்டாலும் கேஸ் நம்பர் ஆகாதும்மா, நம்பர் ஆகலன்னா கேஸ் போட வந்த கட்சிக்காரன் உன்னத்தான் பாப்பான், அவர பாக்க மாட்டான்"னாரு. இந்த ஒரு கிளாஸ்தான் எனக்கு இன்னிக்கும் சோறு போடுதுன்னு சொல்லலாம்.

கோர்ட் ஃபீ கணக்கு அவர் சொல்லித்தந்த விதமே தனி. தமிழ்நாட்டுல பண கேஸுக்கு முன்னாடி நூத்துக்கு ஏழரை ரூபா இருந்துச்சு, 2017ல மூணு ரூபாயா கொறச்சாங்க, அப்ப அந்த அஞ்சு லட்சம் கேஸுக்கு 37,500 கட்ட வேண்டிய எடத்துல 15,000. பழைய பார்ம பாத்து காப்பி அடிக்கிற குமாஸ்தா எங்க மாட்டுவான்னு இதுலயே தெரியுமாம். பாண்டிக்கு கோர்ட் ஃபீ சட்டமே தனி, அதையும் பக்கத்துல வெச்சு போட்டு காட்டினாரு. இத இங்க ஏன் அழுத்தி சொல்றேன்னா கிளாஸ்ல பாதிப்பேர் கடலூர், பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கம், பாதிப்பேர் பாண்டி, வில்லியனூர், பாகூர். ரெண்டு பக்கமும் மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு கீழதான் வருது, ஆனா ஃபீ வேற, ஸ்டாம்ப் வேற, நில ரெகார்டு வேற. மத்த வாத்தியாருங்க யாரும் இத கண்டுக்கவே இல்ல, எல்லாருக்கும் ஒரே நோட்ஸ்.

கெடு எண்றது அடுத்தது. குமாஸ்தா வேலையில பாதி இதான்னு நான் வேலைக்கு வந்தப்புறம் இன்னும் நல்லா புரிஞ்சுது. புரோநோட்டுக்கு மூணு வருஷம், ஆனா நடுவுல கடன் வாங்கினவன் கொஞ்சம் பணம் குடுத்து நோட்டு பின்னாடி வரவு எழுதி கையெழுத்து போட்டிருந்தா அங்கேந்து புதுசா மூணு வருஷம், அந்த வரவும் கெடு முடியறதுக்குள்ள வந்திருக்கணும். பிரதிவாதி வராம ஒருதலையா ஆன எக்ஸ்பார்ட்டி டிகிரிய ரத்து பண்ண மனு போட 30 நாள். சம்மன் கெடச்சு 30 நாளுக்குள்ள ரிட்டன் ஸ்டேட்மென்ட் (பிரதிவாதியோட பதில்), கோர்ட் மனசு வெச்சா 90 வரைக்கும். மேல் முறையீட்டுக்கு ஹைகோர்ட்னா 90, கீழ ஜில்லா கோர்ட்லயோ சப் கோர்ட்லயோன்னா 30. அதுல தீர்ப்பு காபிக்கு அப்ளிகேஷன் போட்டு வாங்கற வரைக்கும் ஆன நாள கழிச்சுக்கலாம், அதனால தீர்ப்பு வந்த அன்னிக்கே காபி அப்ளிகேஷன் போடுன்னு சார் கத்துவாரு. கெடு நாள் லீவுல விழுந்தா கோர்ட் தொறக்கற அன்னிக்கு போடலாம், மே மாச லீவ நம்பி தூங்குறவங்க ஜூன் மொத நாள் கவுன்டர்ல முட்டிகிட்டு நிப்பாங்கன்னு சொல்லி சிரிச்சாரு, நானே இந்த வருஷம் அந்த கூட்டத்துல நின்னேன்.

செக் கேஸ் இன்னும் மோசம். செக் ரிட்டர்ன் ஆன தகவல் பேங்க்லேந்து வந்து 30 நாளுக்குள்ள நோட்டீஸ், நோட்டீஸ் அவன் கைக்கு போன அன்னிலேந்து 15 நாள் அவனுக்கு பணம் குடுக்க டைம், அது முடிஞ்சு ஒரு மாசத்துக்குள்ள கம்ப்ளைன்ட். இதுல அக்னாலட்ஜ்மென்ட் கார்டு இல்லன்னா போஸ்டல் டிராக்கிங் பிரிண்ட் அவுட் எடுத்து வெக்கணும். போர்டுல ஒரு காலண்டர் மாட்டி வெச்சு ஒவ்வொருத்தரையா கூப்ட்டு விரல் வெச்சு எண்ண சொன்னாரு, பி.எச்டி. படிச்ச ஒரு அக்கா கூட எண்ணி தப்பு விட்டாங்க.

கட்டு தைக்கறது ஒரு நாள் முழுக்க. சிரிக்காதீங்க. கோணி ஊசி, வெள்ளை நூல், பேப்பர் இடது பக்கம் ஓட்டை, எல்லா பக்கமும் நம்பர் போட்டு, இன்டெக்ஸ் மேல, டாக்கெட் (கேஸ் நம்பர், பேர் எழுதின மேல் பக்கம்) வெளிய தெரியற மாதிரி நீளவாக்குல மடிச்சு, முடிச்சு பின்பக்கம். முன்பக்கம் முடிச்சு போட்டா ஜட்ஜ் பொரட்டறப்ப பேப்பர் கிழியும், அந்த கோவம் நம்ம வக்கீல் மேல திரும்பும்ங்கறது அவர் கண்டுபிடிப்பு. என் கைல ஊசி குத்தி ரத்தம் வந்து ஒரு அஃபிடவிட்டே வீணாச்சு, அதுக்கு "இன்னாம்மா, கேஸுக்கு இப்பவே ரத்தம் சிந்தறியா"ன்னாரு.

இப்ப மத்த பேப்பருங்க. கிரிமினல் எடுத்தவர் இளம் வக்கீல், நல்ல மனுஷன், பேச்சும் நல்லா இருக்கும், ஆனா காலேஜ் குடுத்த நோட்ஸ் முழுக்க பழைய ஐ.பி.சி. 2024 ஜூலை 1லேந்து அதுக்கு பதிலா பி.என்.எஸ், கிரிமினல் நடைமுறை சட்டமான சி.ஆர்.பி.சிக்கு பதிலா பி.என்.எஸ்.எஸ், சாட்சிய சட்டத்துக்கு பதிலா பி.எஸ்.ஏ வந்தாச்சு, நோட்ஸ்ல 420தான் ஓடுது. கேட்டா "பழசும் தெரியணும்ல"ன்னு சமாளிச்சாங்க. ஒரு விதத்துல அது நிஜம்தான், அந்த தேதிக்கு முன்னாடி நடந்த குத்தத்துக்கு பழைய செக்ஷன்தான், அதனால ரெண்டையும் பக்கத்து பக்கத்துல வெச்சு படிக்கணும், ஆனா அந்த பக்கத்து பக்கத்துல வெச்ச டேபிள யார் போட்டு குடுக்கறது? நாங்களே போட்டோம். அதுல தான் பயமே, சி.ஆர்.பி.சில பழைய 482 எஃப்.ஐ.ஆர் ரத்து பண்ண ஹைகோர்ட்ல போடற மனு, பி.என்.எஸ்.எஸ்ல புது 482 முன்ஜாமீன். பழைய 144 ஊரடங்கு மாதிரி தடை உத்தரவு, புது 144 ஜீவனாம்சம். ஒரு டைப்பிஸ்ட் பழக்க தோஷத்துல மாத்தி அடிச்சா மனுவோட தலையே மாறிடும். 28,000 வாங்கற எடத்துல இந்த ஒரு தாளாவது புதுசா அடிச்சு குடுத்திருக்கலாம்.

டிராஃப்டிங் பேப்பர் எனக்கு பெரிய ஏமாத்தம். எல்லாமே இங்கிலீஷ். நம்ம பக்கம் முன்சீப் கோர்ட்ல பிராதும் மனுவும் தமிழ்ல நெறைய போகுது, சாட்சி தமிழ்ல சொல்றதுதான் தமிழ்ல பதிவாகுது, கிரயப் பத்திரம் தமிழ், உயில் தமிழ். 'மேற்படி சொத்தில் வாதியின் அனுபோகத்தில் பிரதிவாதி எவ்வித இடையூறும் செய்யக்கூடாது'ன்னு நிரந்தர உறுத்துக்கட்டளை (கோர்ட் தடை உத்தரவு) கேக்கற ஒரு வரிய தப்பில்லாம அடிக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் ஆபீஸ்ல மதிப்பு. கோர்ஸ்ல தமிழ் டைப்பிங் மருந்துக்குக்கூட கிடையாது. நான் டைப்ரைட்டிங் லோயர் கிரேடு ஏற்கனவே முடிச்சிருந்தேன், திருப்பாப்புலியூர்ல ஒரு பழைய இன்ஸ்டிடியூட்ல, அதுக்கு கட்டினது இதுல பத்துல ஒரு பங்கு கூட இல்ல, ஆனா இன்டர்வியூல வக்கீல் சார் கேட்ட மொத கேள்வியே தமிழ் டைப்பிங் தெரியுமாம்மாதான்.

கம்ப்யூட்டர் லேபுக்கு தனியா ஒரு பேப்பர், பேர் 'இ-கோர்ட்ஸ்'. பாதி மெஷின் ஓடல. சொல்லித்தந்தது என்னன்னா கேஸ் ஸ்டேட்டஸ் எப்படி பாக்கறது, 16 எழுத்து சி.என்.ஆர் நம்பர் போட்டா அடுத்த வாய்தா எப்ப, இன்னிக்கு எந்த ஸ்டேஜ்னு வரும், அவ்ளோதான், இத மொபைல் ஆப்ல எந்த கட்சிக்காரனும் பாத்துக்கறான், சில பேர் நமக்கு முன்னாடி பாத்துட்டு நம்மள கேள்வி கேக்கறான். நெஜ வேலை இ-ஃபைலிங்ல இருக்கு. ஸ்கேன் பண்றது, கோணலா போன பக்கத்த மறுபடி எடுக்கறது, ஃபைல் சைஸ் கொறைக்கறது, எது மெயின் மனு எது இணைப்புன்னு பிரிச்சு ஏத்தறது, கையெழுத்து வாங்கறது, கோர்ட் ஃபீ ஆன்லைன்ல கட்டி ரசீது ஒட்டறது. இத ஒரு தடவகூட கையில குடுத்து செய்ய விடல, புரொஜெக்டர்ல படம் காட்டினாங்க. இப்ப வேலைக்கு வந்து ஆபீஸ்ல இருந்த சீனியர் அண்ணன் தான் பொறுமையா கத்துக்குடுத்தாரு, டீ காபி செலவு என்னுது.

ஆனா பாண்டில படிச்சதுக்கு ஒரு லாபம் இருந்துச்சு, அத சொல்லியே ஆகணும். நில டாக்குமென்ட் பேப்பர் எடுத்தவங்க பாண்டிக்காரங்க, வயசான ஒரு மேடம், அவங்க கொண்டு வந்த பழைய பத்திரங்கள பாக்கறதுக்கே சேரலாம். 1954க்கு முன்னாடி பிரெஞ்சுக்காரங்க காலத்துல நோத்தேர் (பத்திரம் எழுதற பிரெஞ்சு நோட்டரி) எழுதின டாக்குமென்ட், மொத்தமும் பிரெஞ்சு, கை எழுத்து கொடி மாதிரி ஓடுது. பாண்டில இன்னிக்கும் டைட்டில், அதாவது சொத்து யாருக்கு உரிமைன்னு பாக்கறப்ப அந்த காலத்து பேப்பர் ஒண்ணு தலைகாட்டும், அத மொழிபெயர்த்து கூட வெச்சாதான் கோர்ட்ல பேசும். இப்பத்தி பாண்டி பத்திரத்துலயும் ஆர்.எஸ். நம்பர் (ரீசர்வே நம்பர்) பக்கத்துல கதாஸ்தர் நம்பர்னு பிரெஞ்சு கால நில அளவை நம்பர் ஒண்ணு இருக்கும், அளவு ஹெக்டேர் ஏர் சென்டியார்னு போகும். நம்ம கடலூர்ல சென்ட் கணக்குலயே பழகினவங்களுக்கு தல சுத்தும். 1881 டிக்ரி பிரகாரம் சொந்த சட்டத்த விட்டுட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்த ஏத்துகிட்ட ரெனோன்சான் குடும்பங்க இருக்காங்க, அவங்க வாரிசு கேஸ்ல இந்து வாரிசுரிமை சட்டத்த தூக்கினு போய் நின்னா ஆரம்பத்துலயே தப்புன்னு மேடம் சொன்னப்ப கிளாஸே நிமிர்ந்து உக்காந்துச்சு. பாண்டிப் பக்கம் சர்வே விவரத்துக்கு நிலமகள், நம்ம பக்கம் பட்டா சிட்டாவுக்கு தமிழ் நிலம், வில்லங்கத்துக்கு பதிவுத்துறை சைட், ரெண்டையும் மொபைல்ல வெச்சே காட்டினாங்க, லேப நம்பல. வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் அவங்க கிளாஸ், அதான் வயித்தெரிச்சல்.

இன்டர்ன்ஷிப் ரெண்டு மாசம்னு போட்டிருக்காங்க. நடந்தது என்னன்னா நம்மளே ஒரு வக்கீல புடிச்சு லெட்டர் வாங்கிட்டு வரணும். யாரையும் தெரியாதவன்தான் இந்த கோர்ஸுக்கே வரான், அவன்கிட்டயே போய் வக்கீல புடின்னா என்ன நியாயம்? கடலூர் ரோட்டுல பாண்டி கோர்ட் வளாகம் இருக்கு, அங்க வாசல்ல நின்னு கேட்டுப் பாத்த பசங்க இருக்காங்க. எனக்கு சிரஸ்தார் சாரே ஒரு போன் போட்டு மஞ்சக்குப்பத்துல சேத்து விட்டாரு, அதே ஆபீஸ்லதான் இப்ப வேலையும். அவருக்கு கோவில் கட்டணும், ஆனா அது காலேஜோட சேவை இல்ல, அவரோட பெருந்தன்மை, இத குழப்பிக்காதீங்க.

சம்பளம் கேக்கறீங்க, தெரியும். ஆரம்பத்துல ஜவுளிக்கடை சம்பளத்த விட கம்மிதான். கூட கட்சிக்காரங்க குடுக்கற குமாஸ்தா ஃபீஸ்னு ஒண்ணு இருக்கு, அது வக்கீலப் பொறுத்து, சில பேர் பிரிச்சு குடுப்பாங்க சில பேர் வாயத் தொறக்க மாட்டாங்க. சேரும்போதே கேட்டுக்கோங்க, கூச்சப்படாதீங்க. தமிழ்நாட்டுல வக்கீல் குமாஸ்தாக்களுக்கு 1999ல வந்த சேமநல நிதி சட்டம் ஒண்ணு இருக்கு, பதிவு பண்ணி மெம்பர் ஆகலாம், இத கோர்ஸ்ல ஒருத்தரும் மூச்சு விடல, கோர்ட்ல இருக்குற மூத்த குமாஸ்தா ஒருத்தர்தான் சொன்னாரு. பொண்ணுங்க கம்மி, கவுன்டர்ல நிக்கற கூட்டத்துல பாதிநாள் நான் ஒருத்தி மட்டும்தான் இருப்பேன், ஆனா மரியாதையா தான் நடத்தறாங்க, "தங்கச்சிக்கு வழி விடுப்பா"ன்னு ஒரு கொரல் வரும்.

எங்க சித்தி பொண்ணு கனடால ஒன்டாரியோவுல இருக்கா, அங்க லா கிளார்க் கோர்ஸ் காலேஜ்லயே ரெண்டு வருஷ டிப்ளமோ, அவ படிச்சுகிட்டு இருக்கா. நாங்க ரெண்டு பேரும் நோட்ஸ் ஒப்பிட்டுப் பாத்தப்ப எனக்கு கொஞ்சம் பொறாமையாவே இருந்துச்சு. வீடு வாங்கற விக்கற வேலை, உயில் சொத்து, கம்பெனி, கோர்ட் கேஸ்னு தனித்தனியா பிரிச்சு படிக்கறாங்க, நில பதிவுக்கு அந்த ஊர்ல டெராவியூன்னு ஒரு சாஃப்ட்வேர், அதயே கிளாஸ்ல பழக்கறாங்க. அங்க பாராலீகல்ங்கறவங்க வேற, அவங்களுக்கு 2007லேந்து லா சொசைட்டி லைசென்ஸ் இருக்கு, சின்ன கேஸ்ல தானே ஆஜராகலாம், லா கிளார்க்குக்கு லைசென்ஸ் வேணாம் ஆனா வக்கீலுக்கு கீழதான் வேலை, அந்த வரைக்கும் நம்மள மாதிரியே. அவளுக்கு ஆனா கோணி ஊசி புடிக்கத் தெரியாது.

வந்து போறது எப்படின்னா, கடலூர் பஸ் ஸ்டாண்ட்லேந்து பாண்டி பஸ் சும்மா வந்துகிட்டே இருக்கும், கன்னியக்கோவில் வந்தாலே பாண்டி, அங்கேந்து தவளக்குப்பம், அரியாங்குப்பம் வரைக்கும் ஓட்டம் நல்லா இருக்கும், பாலத்துகிட்ட மாட்டினா மாட்டினதுதான். ஞாயித்துக்கிழம டூரிஸ்ட் கூட்டம் வேற, சாயங்காலம் திரும்பறப்ப நின்னுகிட்டேதான் வரணும். கேன்டீன் சாம்பார் சாதம் பத்தி மேலயே சொல்லிட்டேன், தயிர் சாதம் பக்கம் போகாதீங்க.

சேரப் போறவங்க அட்மிஷன் ரூம்ல இருக்குறவங்கள நம்பாம நேரா ஒரு சனிக்கிழம போய் கிளாஸ் முடிஞ்சு வெளிய வர பசங்ககிட்ட கேளுங்க: கோர்ட்ல வேலை பாத்த ஆள் யாராவது எடுக்குறாங்களா, வாரத்துக்கு எவ்ளோ நேரம், பி.என்.எஸ் நோட்ஸ் வந்துடுச்சா, இ-ஃபைலிங் நீங்களே ஏத்திப் பாத்தீங்களா. மொத கேள்விக்கு இல்லன்னு வந்தா பஸ் ஏறிடுங்க. ஆமான்னு வந்து சேந்துட்டீங்கன்னா, ரெண்டாவது தவணை 14,000த்த மட்டும் எந்த வக்கீல் ஆபீஸ்ல இன்டர்ன்ஷிப்னு எழுத்துல வாங்கினப்புறம் கட்டுங்க, ஃபைன் போடுவேன்னு மெரட்டுவாங்க, எங்க பேட்ச்ல ஒருத்தன் அப்படித்தான் அடம் புடிச்சான், அவனுக்கு மட்டும் ஒரே வாரத்துல ஆபீஸ் கெடச்சுது.